ஏப்ளஸ்கீவர்: கால் வட்டமாகத் திருப்ப வேண்டிய டேனிஷ் பணியாரம்

குழிப்பணியாரம் சுட்டுப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்தில் வாடகை வீட்டில் இருந்த காலம். முதல் ஈடு அச்சு அசலாகப் பணியாரமாகவே வந்தது. மேலே ஒரு தொப்பி, கீழே ஒரு தொப்பி, இடுப்பில் பெல்ட் கட்டியதுபோல ஒரு கோடு. ருசியில் குறை இல்லை. சொல்லிக்கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி அதில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து விரலால் லேசாகச் சுண்டினார். அரை அடி நகர்ந்து, பெல்ட் தட்டி நின்றுவிட்டது. "உருளணும். உருண்டால்தான் ஏப்ளஸ்கீவர்" என்றார்.

அவர் சுட்டது உருண்டது. மாவு ஒன்றுதான், சட்டியும் ஒன்றுதான். திருப்புகிற விதத்தில்தான் வித்தியாசம். நாம் பணியாரத்தை ஒரே தள்ளில் தலைகீழாகக் கவிழ்க்கிறோம். அவர்கள் கால் வட்டம், கால் வட்டமாகத் திருப்புகிறார்கள். இந்த ஒன்று கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரண மாவு வேலைதான்.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டேனிஷ் மொழியில் ஏப்ள என்றால் ஆப்பிள், ஸ்கீவர் என்றால் துண்டுகள். கடைசியில் இருக்கும் 'ர்' எழுத்தில்தான் இருக்கிறது, பேசும்போது பாதி காற்றில் போய்விடும். ஆப்பிள் துண்டு என்று பெயர் வைத்துக்கொண்டாலும் இன்று அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஏப்ளஸ்கீவரில் பெரும்பாலும் ஆப்பிள் இருக்காது. குதிரைவாலியில் குதிரையைத் தேடாத மாதிரி அவர்களும் தேடுவதில்லை. வெறும் உருண்டையைச் சுட்டு, ஜாமிலும் சர்க்கரைத் தூளிலும் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். உள்ளே ஆப்பிள் வைத்துச் சுடுவது பழைய வழக்கம். வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வீட்டில் செய்ய உட்கார்ந்த பிறகு அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இங்கே சொல்லப்போவதும் அதுதான்.

டென்மார்க்கில் இது டிசம்பர் மாதப் பண்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாரம் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றுவார்கள், அந்தச் சமயத்தில் வீட்டுக்கு யாராவது வந்தால் இதுதான். பள்ளிக்கூடங்களில் ஒரு நாள் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து காகிதம் வெட்டி, ஒட்டி, கிறிஸ்துமஸ் தோரணங்கள் செய்வார்கள். அங்கேயும் தட்டுத் தட்டாக இதுதான் வரும். பாதிப் பேர் உறைந்த பாக்கெட்டை வாங்கி அடுப்பில் சூடாக்குவதோடு சரி. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சோல்வாங் என்கிற ஊரை 1911இல் டென்மார்க்கிலிருந்து போனவர்கள் உருவாக்கினார்கள். அங்கே இதை வருடம் முழுக்கச் சுடுகிறார்கள், காலைப் பலகாரமாகவும் சாப்பிடுகிறார்கள். டென்மார்க்கில் காலையில் இதைக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்தார்களே, அங்கிருந்துதான் பணியாரம் போனதா என்று நான் இதைச் செய்யும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். குழிச் சட்டியில் மாவு ஊற்றிச் சுடுவது ஜப்பானிலும் உண்டு, தாய்லாந்திலும் உண்டு, ஹாலந்திலும் உண்டு. சரி, அடுப்படிக்குப் போவோம்.

சட்டி

டேனிஷ் சட்டி கனமான வார்ப்பிரும்பு. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, ஆக ஏழு குழி. ஒவ்வொரு குழியும் கிட்டத்தட்ட 5 முதல் 6 செ.மீ. அகலம், அரைக் கோளமாக நல்ல ஆழம். நம் ஏழு குழி வார்ப்பிரும்புப் பணியாரக் கல் வீட்டில் இருந்தால் அதுவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பன்னிரண்டு குழி நான்ஸ்டிக் சட்டியிலும் வரும், ஆனால் அதில் குழி சின்னது, ஆழமும் குறைவு. உருண்டை கோலிக்குண்டு பருமனுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், உள்ளே பூரணம் வைக்க இடம் இருக்காது. அதில் செய்வதென்றால் வெறும் உருண்டையாகச் சுட்டு ஜாம் தொட்டுச் சாப்பிடுங்கள்.

புதுச் சட்டி என்றால் முதலில் பழக்க வேண்டும். கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, புகை வரும்வரை காயவைத்து ஆறவிடுவதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். தோசைக்கல்லைப் பழக்கும் அதே வழிதான். பழகாத சட்டியில் சர்க்கரை சேர்ந்த மாவை ஊற்றினால் குழியோடு ஒட்டிக்கொண்டு வராது, முதல் ஈட்டிலேயே மனசு விட்டுப்போகும்.

திருப்புவதற்கு டென்மார்க்கில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை எடுத்துக்கொள்கிறார்கள். மெல்லிய உலோக ஊசி, இரண்டு கையிலும் ஒவ்வொன்று. நம் பணியாரக் கம்பியும் சரிதான். நுனி கூர்மையாகவும் மெல்லிசாகவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கரண்டியோ முள்கரண்டியோ இதற்கு உதவாது. நான்ஸ்டிக் சட்டியில் உலோகத்தை வைத்துக் கீறாதீர்கள், மூங்கில் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவு

ஏழு குழிச் சட்டியில் மூன்று ஈட்டுக்கு மேல் வரும் அளவு இது, இருபதிலிருந்து இருபத்தைந்து உருண்டைவரை. மைதா 250 கிராம், அதாவது 240 மி.லி. கப்பில் இரண்டு கப். முட்டை மூன்று. சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி. ஏலக்காய்த் தூள் ஒரு தேக்கரண்டி. ஒரு எலுமிச்சையின் தோலை மேலாகத் துருவியது. உருக்கிய வெண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி. இவை தவிர 400 மி.லி. மோர், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஏலக்காயைப் பார்த்து இது நம்மூர்ச் சேர்மானம், நானாகப் போட்டது என்று நினைக்க வேண்டாம். டென்மார்க், சுவீடன் பக்கம் பன் மாவிலும் ஏலக்காய் போடுவது பரம்பரை வழக்கம். டேனிஷ் சமையல் குறிப்பிலேயே ஏலக்காய் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம், கடைத் தூளை வாங்காமல் அப்போதே இடித்துப் போடுங்கள்.

மோரில்தான் முதல் பள்ளம். குறிப்பில் மோர் என்று இருப்பதைப் பார்த்து நம் வீட்டு மோரை ஊற்றினால் மாவு தண்ணீராகிவிடும், குழியில் எழும்பவே எழும்பாது. வெண்ணெய் கடைந்து மிஞ்சுவதுதான் அங்கும் மோராக இருந்தது. ஆனால் அவர்கள் கடையில் வாங்கும் மோர், நம் தயிரைக் கட்டியில்லாமல் அடித்து வைத்ததுபோலக் கெட்டியாக இருக்கும், தண்ணீர் விட்டுப் பெருக்கியது இல்லை. ஆகவே 300 மி.லி. புளிக்காத தயிரையும் 100 மி.லி. பாலையும் சேர்த்துக் கடைந்து அதை ஊற்றுங்கள். ரொம்பப் புளித்த தயிர் வேண்டாம், எலுமிச்சை மணத்தை அடித்துவிடும். லேசான புளிப்பு மட்டும் கட்டாயம் வேண்டும், சோடா வேலை செய்வது அந்தப் புளிப்போடு சேர்ந்துதான்.

முட்டைகளை உடைக்கும்போதே வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துவிடுங்கள். வெள்ளைக்கு எவர்சில்வர் கிண்ணம் நல்லது, அதில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ துளியும் கூடாது. பிளாஸ்டிக் கிண்ணம் எவ்வளவு கழுவினாலும் பிசுக்கைப் பிடித்து வைத்திருக்கும், வெள்ளை நுரைக்காது. மஞ்சள் கரு, சர்க்கரை, தயிர்ப்பால், உருக்கி ஆறிய வெண்ணெய், எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையில் மஞ்சள் நிறம் போகும்வரை மட்டும் துருவ வேண்டும், அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். நம் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, இரண்டு இழுப்பு இழுத்ததும் வெள்ளை வந்துவிடும், கை ஜாக்கிரதை. பிறகு சலித்த மைதா, உப்பு, ஏலக்காய். கட்டி உடைந்தால் போதும், அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். மைதாவை அடிக்க அடிக்க இழுவை வந்து உருண்டை ரப்பராகிவிடும். மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

சோடாவை இன்னும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். தயிரைத் தொட்டதும் அது பொங்க ஆரம்பித்துவிடும். அரை மணி நேரம் ஊறும் மாவில் முதலிலேயே போட்டால் பொங்கின காற்றில் பாதி வீணாகப் போகும். சட்டியை அடுப்பில் வைக்கும்போது சோடாவை மாவில் கலக்குங்கள். அதே நேரத்தில் வெள்ளைக் கருவை நுரைக்க அடியுங்கள். அடிப்பானை மேலே தூக்கினால் நுரை எழுந்து நின்று, நுனி மட்டும் வெட்கப்பட்ட மாதிரி வளைய வேண்டும். அந்தப் பதம். நுரையை மூன்று பங்காகப் போட்டு, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேருங்கள். அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தால் பரவாயில்லை. முடிந்த மாவு இட்லி மாவைவிடச் சற்று இளகலாக, கரண்டியிலிருந்து அவசரமில்லாமல் விழும்.

முட்டையில்லாமல் செய்யலாமா என்றால், செய்யலாம், பணியாரம் வரும். அந்த லேசான உள்பக்கத்தைத் தருவது வெள்ளைக் கரு நுரைதான். முட்டை சாப்பிடாதவர்கள் நம் இனிப்புப் பணியாரத்தையே சந்தோஷமாகச் சாப்பிடலாம், அது ஒன்றும் இதற்கு மட்டமில்லை.

பூரணம்

மாவு ஊறுகிற அரை மணியில் இது முடிந்துவிடும். புளிப்பான பச்சை ஆப்பிள் இரண்டு, தோல் சீவி 1 செ.மீ. துண்டுகள். வாணலியில் ஒரு கரண்டி வெண்ணெய், இரண்டு கரண்டி சர்க்கரை, ஆப்பிள். சின்னத் தீயில் தண்ணீர் வற்றி, துண்டு மெத்தென்று ஆகி, ஆனால் கரையாமல் நிற்கும்வரை வதக்கி நன்றாக ஆறவிடுங்கள். பச்சையாக வைத்தால் என்ன என்று கேட்டால், உருண்டை வேகும் ஐந்து நிமிடத்தில் ஆப்பிள் வேகாது, அதன் தண்ணீர் மட்டும் மாவில் இறங்கிச் சுற்றிலும் பிசைந்த களியாக நிற்கும். அப்படியும் ஒரு ஈடு சுட்டிருக்கிறேன்.

டென்மார்க்கில் கொட்டை நீக்கிய உலர்ந்த பிளம்ஸ் பழத்தையும் வைப்பார்கள். நம்மூரில் பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி வைத்தால் நன்றாகவே இருக்கிறது. ஜாமை உள்ளே வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கெட்டி ஜாமாக இருக்கட்டும், அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நான் தாராளமாக வைத்த அன்று ஜாம் கொதித்து வெளியே வந்து, குழியில் கருகி, அந்தச் சட்டியைச் சுரண்டித் திரும்பப் பழக்குவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சுடுவது

சட்டியை நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடமாவது காயவிடுங்கள். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும், ஏறினால் சீக்கிரம் இறங்காது. அதனால் மாவு ஊற்றுவதற்கு முன்பே தீயை நடுத்தரத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அங்கே வெண்ணெயில் சுடுகிறார்கள். நாம் நெய் ஊற்றுவோம், வெண்ணெய்போலக் கருகாது, மணத்துக்கும் பஞ்சமில்லை. குழிக்கு அரைத் தேக்கரண்டி. ஒரு சொட்டு மாவை விட்டால் உடனே ஓரம் குமிழிட வேண்டும், சீறக் கூடாது.

கேஸ் அடுப்பில் நடுக்குழிதான் எப்போதும் அதிகச் சூடு. அதனால் சுற்றியிருக்கும் ஆறு குழிகளில் முதலில் மாவை ஊற்றி, நடுவில் கடைசியாக ஊற்றுங்கள். திருப்பும்போது நடுவில் இருப்பதை முதலில் பாருங்கள்.

பூரணம் வைப்பதென்றால் குழியில் பாதிக்கு மாவு, அதன் நடுவில் இரண்டு மூன்று ஆப்பிள் துண்டு, அதை மூடும் அளவுக்கு இன்னும் ஒரு கரண்டி. குழியின் முக்கால் பங்கைத் தாண்டி ஊற்றாதீர்கள். ஆப்பிள் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த இடம் ஒட்டும்.

இனிமேல்தான் விஷயம். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு சின்ன வளையம் பளபளப்பு மங்கி இறுகும், நடுவில் மாவு இன்னும் ஈரமாகத் தளும்பிக்கொண்டிருக்கும். பணியாரக் கை இந்த நேரத்தில், 'இன்னும் வேகவில்லையே, மூடி போட்டுக் கொஞ்சம் விடலாம்' என்று சொல்லும். கேட்காதீர்கள். மூடியும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். நடுவில் மாவு இளகி இருக்கும்போதே திருப்புவதில்தான் உருண்டை இருக்கிறது.

கம்பி நுனியை விளிம்புக்கும் குழிச்சுவருக்கும் நடுவே இறக்கி ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒட்டாமல் சுற்றினால், விளிம்பின் ஒரு பக்கத்தைக் கம்பியால் பிடித்து மேலே இழுங்கள், எதிர்ப்பக்கம் தானாகக் கீழே இறங்கும். முழுக்கக் கவிழ்க்க வேண்டாம். வெந்த கிண்ணம் பாதி வெளியே எழுந்து, படகு பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதுபோல நிற்க வேண்டும். உள்ளே இருந்த பச்சை மாவு வழிந்து, காலியான அடிப்பக்கத்தை நிரப்பும். இதுதான் முதல் கால் வட்டம். ஏழு குழிக்கும் இதைச் செய்து முடிக்கும்போது முதலில் திருப்பியது அடுத்ததற்குத் தயாராகிவிடும்.

முக்கால் நிமிடம் கழித்து அடுத்த கால் வட்டம். இப்போது மிச்சமிருக்கும் வாய் கீழ்ப்பக்கம் போகும்படி திருப்புங்கள். மாவு மறுபடி வழிந்து வாயை மூடிக்கொள்ளும். இந்த இடத்தில் ஆப்பிள் துண்டு எட்டிப் பார்த்தால், திருப்புவதற்கு முன் வாயில் அரைத் தேக்கரண்டி மாவு விட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், உருண்டை உருவாகிவிட்டது. அப்புறம் தீயை இன்னும் கொஞ்சம் குறைத்து, கம்பியால் சும்மா சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டே மூன்று நிமிடம். குழிக்குள் அது பந்துபோலச் சுழலும். முதன்முதலாகச் சுழன்றதைப் பார்த்தபோது அடுப்பை மறந்து அதையே சுற்றிவிட்டுக்கொண்டு நின்றேன். பாட்டி வந்து தீயை அணைத்தார்.

வெந்ததா என்று பார்க்கக் கம்பியை நடுவில் குத்தி எடுங்கள். ஆப்பிள் ஈரம் ஒட்டலாம், மாவு ஒட்டக் கூடாது. கையில் எடுத்தால் அளவுக்குக் கொஞ்சம் லேசாகத் தெரிய வேண்டும். கனத்தால் உள்ளே இன்னும் மாவு இருக்கிறது.

முதல் ஈடு யாருக்கும் சரியாக வராது, தோசைக்கு வராத மாதிரிதான். இரண்டாவதில் என்ன தப்பு என்று பார்த்துக்கொள்ளலாம். மேல் கருகி உள்ளே பச்சை என்றால் தீ அதிகம். திருப்பும்போது கிழிந்தால் அரை நிமிடம் அவசரப்பட்டுவிட்டீர்கள், இல்லை நெய் பற்றவில்லை. இடுப்பில் பெல்ட் விழுந்தால் தாமதித்துவிட்டீர்கள். உருண்டை வந்தும் ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் மாவு குறைவு. வெளியே எடுத்ததும் சுருங்கி உட்கார்ந்தால் பெரும்பாலும் நடு வேகவில்லை. கடைசி ஈடு முதல் ஈட்டைவிட அடர்த்தியாக வந்தால் கவலைப்படாதீர்கள், நுரை அதற்குள் கொஞ்சம் அடங்கியிருக்கும். அதனால்தான் மாவைக் கலந்தபின் போன் பேசப் போகக் கூடாது.

சாப்பிடும் விதம்

ஒரு பெரிய தட்டில் குவித்து வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரி ஜாம், ஒரு கிண்ணம் பொடித்த சர்க்கரை. அவரவர் எடுத்து இரண்டிலும் தொட்டுக் கையாலேயே சாப்பிட வேண்டியதுதான். ஜாம் முதலா சர்க்கரை முதலா என்று வீட்டுக்கு வீடு வழக்கம் உண்டு. நான் ஜாம் முதல் கட்சி, சர்க்கரை அதன்மேல் நன்றாக ஒட்டும். சுட்டவுடன் கடித்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஆப்பிள் நாக்கைப் பொசுக்கும்.

கூடக் குடிக்க அங்கே குளொக் என்று ஒன்று கொடுப்பார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயின், அடியில் உலர்திராட்சையும் பாதாம் சீவலும் கிடக்கும், கரண்டியால் எடுத்துத் தின்பதற்கு. பிள்ளைகளுக்கு இதையே பழச்சாறில் செய்வார்கள். சிவப்புத் திராட்சைச் சாறில் அதே மசாலாவையும் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலையும் போட்டு, கொதிக்கவிடாமல் பத்து நிமிடம் சூடாக வைத்தால் நம் வீட்டுக்குப் போதும். எனக்குக் கேட்டால் ஃபில்டர் காபிதான் இதற்கு ஜோடி.

மிஞ்சினால் ஆறவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு தட்டில் பரப்பி உறையவிட்டு, அப்புறம் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதம் தாங்கும். சூடாக்க 200 டிகிரி அவனில் பத்து நிமிடம். அவன் இல்லாவிட்டால் வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் உறை விட்டதும் அதே குழிச் சட்டியில் ஒரு துளி நெய் விட்டு, மூடி, சின்னத் தீயில் சுற்றிவிட்டு எடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் தோல் தொளதொளத்துவிடும். சர்க்கரைத் தூளைச் சூடாக்கிய பிறகே போடுங்கள், பையில் வைக்கும்போதே தூவியிருந்தால் கரைந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும்.